திருடன் விட்டுப்போன கைப்பிடி

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனவன் அதன் கைப்பிடியை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

கணேசலிங்கம் அந்த மரத்துண்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வால்நட் மரம். விரல்கள் படிய வரிசையாகப் பள்ளங்கள், கட்டைவிரல் சாய ஒரு மேடை, உள்ளங்கை வந்து அமர ஒரு தடித்த திட்டு. யாரோ ஒருவருடைய வலது கையை அளந்து, அந்தக் கைக்கென்றே குடைந்தது. பிடித்துப் பார்த்தார். அவர் கைக்குச் சேரவில்லை. சின்னவிரலுக்கான பள்ளம் குழந்தையின் விரலுக்குச் செய்தது போல அவ்வளவு குட்டையாக இருந்தது.

"மாம்பழத்தைத் திருடினவன் தோலை உரிச்சு, அழகா மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கான் சார்," என்றாள் வேதவல்லி.

வேதவல்லி திருவல்லிக்கேணிக்காரி. கணவருக்கு நியூபோர்ட் ரயில்வே பட்டறையில் இன்ஜினியர் உத்தியோகம். டைப் அடிக்கத்தான் கணேசலிங்கத்திடம் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது கார் ஓட்டுவதும் அவள்தான், கேட்காமலே அபிப்பிராயம் சொல்வதும் அவள்தான். கணேசலிங்கம் கொழும்பில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். சிங்களத்தில் பரீட்சை எழுதமாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு மெல்பேர்னுக்கு வந்து, தனியார் விசாரணை என்று கதவில் ஒரு பலகை மாட்டிக்கொண்டவர். அந்தப் பலகைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் பிரிந்துபோன புருஷன் பெண்சாதி வழக்குகள். 1978 ஜூலையில் அவருக்கு முழங்கால் வலித்தது, மனுஷ முகங்களும் அலுத்துப்போயிருந்தன.

அவர்கள் நின்றது மல்கிரேவில் டொக்டர் மகேந்திரராஜாவின் வீட்டில். வயிற்று ஒப்பரேசன் செய்வதில் பேர்போன சர்ஜன். ஓய்வு நேரத்தில் போட்டித் துப்பாக்கி சுடுவார், அதைவிட அதிகமாகச் சேகரிப்பார். கடையில் விற்கும் சரக்கெல்லாம் அவருக்கு ஆகாது. தொழிற்சாலை மாதிரிக்குச் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டவை, ஒரு தனி வீரருக்காக ஒரே ஒரு தடவை செய்தவை, இப்படித்தான் தேடித் தேடி வாங்குவார். இரும்பு அலுமாரிக்குள் பச்சை வெல்வெட் குழிகளில் அவை படுத்திருந்தன. ஒன்றின் குழலில் புகை வெளியேற வரிசையாகத் துளைகள். இன்னொன்றின் கைப்பிடி கையுறை மாதிரி முழுக் கையையும் விழுங்கிவிடும். ஒரேயொரு குழி மட்டும் வெறுமையாக இருந்தது.

"பூட்டு உடையேல்லை," என்றாள் டொக்டரின் மனைவி இராஜேஸ்வரி. "எடுத்தவர் திரும்பவும் பூட்டிப்போட்டுத்தான் போயிருக்கிறார். மற்றத் திறப்பு அறை லாச்சிக்குள்ள கிடக்கிறது வீட்டில எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாரும் எண்டா?"

"நான், இவர், என்ர தம்பி." அவள் பின்பக்க வாசலைப் பார்த்தாள். "தம்பிதான் எடுத்தவன் எண்டு நினைக்கினம் ஐயா. வாய் திறந்து ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லியிருந்தாலாவது நான் திருப்பிக் கதைச்சிருப்பன்."

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியான விருந்து. டொக்டரோடு ஒப்பரேசன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் ஜெஃப் என்ற வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். ஜெஃபும் துப்பாக்கிப் பிரியர். அவருக்குக் காட்டலாமென்று இராஜேஸ்வரி அலுமாரியைத் திறந்தபோதுதான் வெறும் குழியும், அதில் கிடந்த கைப்பிடியும் கண்ணில் பட்டன. 'ஐயோ, காணேல்லை' என்று கத்திவிட்டாள். சாப்பாட்டு மேசையில் தலைகள் நிமிர்ந்தன. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவன் ஒருவன்தான்.

"டொக்டர் என்ன சொல்லுறார்?"

"தனக்கு ஒண்டும் தெரியாது எண்டார். அதுக்குப் பிறகு வாயே திறக்கிறாரில்லை. திங்கட்கிழமை பொலிஸ் வந்து சாமானெல்லாம் சரிபார்க்கிற நாள். ஒண்டு குறைஞ்சா கேஸ். கேஸ் எண்டா முதல்ல ஆரைப் பிடிப்பினம்? தம்பி இங்க நிக்கிறதுக்கு விசா கேட்டு எழுதிப் போட்டிட்டு இருக்கிறான் ஐயா. அவனைத் திருப்பி அனுப்பினா அங்க அவனுக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை."

"டொக்டர் இப்ப எங்க?"

"சனிக்கிழமைதானே, நோயாளரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போட்டார்."

தம்பி வரதராஜா பின்பக்கப் படியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான். தீக்குச்சி இடது கையில் இருந்தது. பக்கத்தில் ஒரு சூட்கேஸ், வார் இறுக்கியபடி. முப்பது வயதிருக்கும். அனுராதபுரத்தில் அவன் நடத்திய சைக்கிள் கடை போன ஆகஸ்ட் கலவரத்தில் எரிந்துபோயிற்று.

"சிட்னிக்குப் போறன் ஐயா," என்றான். "பின்னேர ரயில். சிநேகிதன் ஒருத்தன் இருக்கிறான்."

"இப்ப போனா நீர்தான் எடுத்தனீர் எண்டு முடிவாயிடும்."

"நிண்டா மட்டும்?" அவன் புகையை விட்டான். "கடைக்கு நெருப்பு வைக்கேக்க முன்னால ஒருத்தன் துவக்கோட நிண்டவன். அதுக்குப் பிறகு உந்தச் சாமானைக் கண்டாலே எட்டி நிண்டிடுவன். அந்த அலுமாரி இருக்கிற அறைக்குள்ள நான் போறதேயில்லை. சொன்னா ஆர் நம்பப்போகினம்?"

கணேசலிங்கத்துக்கு நம்பவேண்டும் போலிருந்தது. நம்பிக்கை சாட்சியாகாது என்பதும் தெரிந்திருந்தது. கைப்பிடியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

"எங்கே சார்?"

"ஃபுட்ஸ்க்ரே. இந்தத் துவக்கைச் செய்த மனுசன் அங்கதான் இருக்கிறார். நீர் கொஞ்சம் மெதுவா ஓட்டும்."

"எங்க ஊர்ல நீர்னா தண்ணி சார். துவக்குன்னா ஆரம்பி. நீங்க பேசறதைக் கேட்டா, தண்ணியை ஆரம்பின்னு சொல்ற மாதிரியே இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

"சரி, நானே யோசிக்கிறேன்," என்றாள் வேதவல்லி, ஹோல்டன் காரை லாரிகளுக்கு நடுவே நுழைத்தபடி. "சேகரிக்கிறவன் திருடியிருந்தா கைப்பிடியை விட்டிருக்கமாட்டான். அசல் கைப்பிடி இல்லேன்னா அந்தச் சாமானுக்குப் பாதி மதிப்புக்கூடக் கிடையாதாமே. விக்கறதுக்குத் திருடினவனும் விட்டிருக்கமாட்டான். அப்ப சுடறதுக்குத் திருடியிருக்கான். அவன் கைக்கு இந்தப் பிடி சேரலை. வேற பிடி போடணும். வேற பிடி போடறவர் இந்த ஊர்ல ஒருத்தர்தான்."

"அதுக்குத்தான் போறம்."

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வரிதான் ஆச்சு. எனக்கு மூச்சே வாங்கிடுச்சு."

இடப்பக்கம் யாரா ஆற்றின் மேல் இன்னும் திறக்காத பெரிய பாலம் மேகத்தோடு மேகமாக நின்றது.

லாஸ்லோவின் பட்டறை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. அவர் ஹங்கேரிக்காரர். ஐம்பத்தாறாம் ஆண்டு மெல்பேர்ன் ஒலிம்பிக்கிற்கு வந்த குழுவோடு வந்தவர். ஊருக்குள் ரஷ்ய டாங்கிகள் புகுந்துவிட்ட செய்தி கேட்டுத் திரும்பிப் போகாமல் நின்றுவிட்டார். பிறகு சொந்தமாக ஒரு வேகப்போட்டித் துப்பாக்கியை வடிவமைத்தார். குழல் மிகத் தாழ்வாக, ஆள்காட்டி விரலின் நேரே படுத்திருக்கும். சுடும்போது மூக்கைத் தூக்காது. மாதிரிக்கு மூன்று செய்தார், எந்தத் தொழிற்சாலையும் அதை எடுக்கவில்லை. ஒன்று சோதனையில் வெடித்தது. ஒன்றை அவரே வைத்துக்கொண்டார். மூன்றாவதுதான் இப்போது காணாமல் போயிருப்பது.

"அண்மையில் அதற்குப் புதுக் கைப்பிடி யாராவது கேட்டார்களா?" என்று கணேசலிங்கம் ஆங்கிலத்தில் கேட்டார்.

லாஸ்லோ அரத்தைக் கீழே வைக்கவில்லை. "உங்கள் தையல்காரர் உங்கள் இடுப்பளவை ஊருக்குச் சொல்வாரா?"

"எங்க தெருத் தையல்காரர் கேக்காமலே சொல்வார்," என்றாள் வேதவல்லி தமிழில்.

பட்டறைச் சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டுகளில் காய்ந்த களிமண் உருண்டைகள். வாடிக்கையாளரிடம் ஒரு பிடி களிமண்ணைக் கொடுத்து, துப்பாக்கியைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடிக்கச் சொல்வாராம். அந்த அச்சைப் பார்த்துத்தான் மரத்தைச் செதுக்குவார். ஒவ்வொன்றும் ஒரு கை. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.

மேசை மூலையில் ஒன்றின் மீது ஈரத்துணி போர்த்தியிருந்தது. கணேசலிங்கம் அனுமதி கேட்கவில்லை. பழைய பொலிஸ் கை தானாகவே போய்த் துணியைத் தூக்கியது.

களிமண் இன்னும் ஈரமாக இருந்தது. விரல்கள் மறுபக்கத்திலிருந்து சுற்றி வந்திருந்தன.

"சார்," வேதவல்லியின் குரல் தணிந்தது. "இது பீச்சாங்கை."

"ஓம்."

"தீக்குச்சி..."

"நானும் பார்த்தனான்."

அவர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வழக்கு முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. இனி மல்கிரேவுக்குத் திரும்பிப் போய், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, உன் தம்பிதான் என்று சொல்லவேண்டும். அவள் அழுவாள். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். இதுவரை எத்தனை வரவேற்பறைகளில் அப்படி நின்றாயிற்று! அந்த அறைக்குள் போவதேயில்லை என்று அவன் சொன்னதை ஒரு கணம் நம்பிய தன் மீதே அவருக்குச் சலிப்பாக வந்தது.

கோட்டுப் பையில் கிடந்த கைப்பிடி விலாவில் குத்தியது. அதை எடுத்து மேசையில், களிமண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வேதவல்லி இரண்டையும் பார்த்தாள். குனிந்து மறுபடியும் பார்த்தாள்.

"சார், செருப்புக் கடையில பெட்டியைத் திறந்தா இப்படித்தான் இருக்கும்."

"என்ன?"

"ஜோடி சார். வலது காலும் இடது காலும்."

கணேசலிங்கம் எழுந்தார். முழங்கால் வலி ஞாபகத்துக்கு வரவில்லை. மரத்தில் உள்ளங்கைத் திட்டு எங்கே தடித்திருந்ததோ, களிமண்ணில் கண்ணாடியில் தெரிவது போல அதற்கு நேர்மாறான இடத்தில் அதே தடிப்பு. மோதிரவிரலின் நீளம் அதே. தன் சின்னவிரலை மரத்தின் கடைசிப் பள்ளத்தில் வைத்தார், பாதிதான் போயிற்று. களிமண்ணின் கடைசிப் பள்ளத்தில் வைத்தார். அங்கேயும் பாதிதான் போயிற்று.

அந்த அலுமாரியில் இருந்த மற்றத் துப்பாக்கிகள் எல்லாம் வேறு வேறு மனிதர்களின் கைக்காகச் செய்தவை. காணாமல் போன ஒன்று மட்டும் யாருடைய கைக்கு?

"இந்த வலது பிடியை யாருக்காகச் செதுக்கினீர்கள்?" என்று கேட்டார்.

லாஸ்லோ அரத்தைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எதுவும் சொல்லவில்லை," என்றார். "நீங்களாகவே பார்த்தீர்கள். டொக்டர் அதைக் கேட்டால் அப்படியே சொல்லுங்கள்."

"அப்போ திருடனே வீட்டுக்காரர்தானா?" வேதவல்லி வாயைப் பிளந்தாள்.

"அதுதான் பூட்டிப்போட்டுப் போனவர். பழைய பிடியைப் பத்திரமா வச்சவர். பொலிஸ் வாறதுக்கு முதல் திரும்ப மாட்டி வைக்கிற எண்ணம்." கணேசலிங்கம் லாஸ்லோவின் பக்கம் திரும்பினார். "ஏன் இடது கை?"

"கேட்டேன். போட்டிக்காகக் கையை மாற்றப்போகிறாயா, இந்த வயதில் இரண்டு வருஷமாவது ஆகுமே என்றேன்." லாஸ்லோ ஈரத்துணியை மறுபடி போர்த்தினார். "சிரித்தார். 'போட்டிக்கு என்று யார் சொன்னது?' என்றார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் மேலே கேட்கவில்லை. தற்காலிகமாக ஒரு மரப்பிடி போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் ட்ருகனினாவில் இருக்கிற சின்ன மைதானத்துக்குப் போகிறார். குளிர்காலத்தில் அந்தக் காற்றுக்கு வேறு யாரும் அங்கே வரமாட்டார்கள்."

ஃபுட்ஸ்க்ரேயின் கடைசித் தொழிற்சாலையும் பின்னால் போயிற்று. பிறகு வேதவல்லி, "சார், அவர் சர்ஜன்," என்றாள்.

"ஓம்."

அவள் காரின் வேகத்தைக் கூட்டினாள்.

ட்ருகனினாவில் அப்போது ஆடுகளும் முட்செடிகளும்தான். கல் அடுக்கிய வேலிகளுக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகை, மண்மேடு ஒன்று, அதற்கு முன்னால் காகித இலக்குகள். மகேந்திரராஜா தனியாக நின்றார். உயரமான மனிதர். காதில் சத்தம் தடுக்கும் கவசம். வலது கை கம்பளிக் கோட்டின் பைக்குள் இருந்தது. இடது கை நீண்டு, துப்பாக்கியோடு காற்றில் காத்திருந்தது. வெடி கேட்டது. இன்னொன்று. கணேசலிங்கம் அவர் முடிக்கும்வரை தகரச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். இலக்கில் ஓட்டைகள் அம்மைத் தழும்பு மாதிரிச் சிதறிக் கிடந்தன.

டொக்டர் திரும்பினார். இருவரையும் பார்த்தார். துப்பாக்கியைக் காலி செய்து பலகையில் வைத்தார். அதைச் செய்ய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது, ஏனென்றால் வலது கையை அவர் வெளியே எடுக்கவில்லை.

"ராஜி அனுப்பினவவோ?"

"ஓம் டொக்டர். நான் கணேசலிங்கம். இவ வேதவல்லி. லாஸ்லோ ஒண்டும் சொல்லேல்லை. களிமண்தான் சொன்னது."

மகேந்திரராஜா தலையை ஆட்டினார். பிறகு வலது கையைப் பையிலிருந்து எடுத்து அவர்களுக்கு முன்னால் நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. ஓயவில்லை.

"படிக்கிற காலத்தில இதுக்குக் குளிசை உருட்டுறது எண்டு பேர் சொல்லித் தந்தவை, நடுக்குவாதத்தின்ர அடையாளம்," என்றார். "வேற டொக்டரிட்டைப் போகத் தேவையில்லை. நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறன்."

"எப்ப தொடங்கினது?"

"போன கோடையில."

"அதுக்குப் பிறகும் ஒப்பரேசன் செய்தனீங்களோ?"

காற்று தகரத்தை அடித்தது. "வேலை செய்யேக்க நடுக்கம் அடங்கும். சும்மா இருக்கேக்கதான் வரும். இடது கையையும் பழக்கினா இன்னும் கொஞ்சக் காலம் சமாளிக்கலாம் எண்டு நினைச்சன். கை நிதானமோ எண்டு பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆக்கள் முகத்துக்குப் பயந்து கதைப்பினம், அந்தக் கடதாசி அப்பிடிக் கதைக்காது." அவர் இலக்கைப் பார்க்காமலே சொன்னார். "இன்னும் ஒரு ஒப்பரேசனும் பிழைக்கேல்லை."

"இன்னும்," என்றாள் வேதவல்லி.

டொக்டர் வலது கையைத் திரும்பப் பைக்குள் விட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் கணேசலிங்கம். "நான்தான் லாஸ்லோவிட்டைக் குடுத்தனான் எண்டு."

"ஜெஃப் இருந்தவன். தியேட்டரில எனக்கு எதிரில நிக்கிறவன். ஏன் குடுத்தாய், காட்டு பாப்பம் எண்டு கேட்பான். இடது பிடியைக் கண்டா அடுத்த நிமிசம் அவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். தெரியாது எண்டு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டன். பிறகு அதில இருந்து இறங்க வழி தெரியேல்லை."

"வரதன் அதுக்குக் கீழ நசுங்கினவன்."

"தெரியும்." டொக்டர் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இப்ப துவக்கு கிடைச்சிட்டுதுதானே. பழுது பார்க்கக் குடுத்திட்டு மறந்துபோனன் எண்டு சொல்லுறன். வரதனுக்குப் பேர் திரும்பும். ராஜிக்கு நிம்மதி. உங்கட வேலையும் முடிஞ்சுது. மற்றதை என்னோட விட்டுவிடுங்கோ, ஐயா."

கணேசலிங்கத்துக்கு அப்போது உண்மையிலேயே அலுப்பாக இருந்தது. ஆம் என்று தலையசைத்தால் போதும். வீட்டுக்குப் போகலாம், காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். எல்லோரும் அவரை வாழ்த்துவார்கள். தன்னைக் கூப்பிட்டவளுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

"திங்கட்கிழமை ஆருக்கு ஒப்பரேசன்?" என்று கேட்டார்.

"ஒரு மனுசி. பித்தப்பையில கல்லு. டண்டினோங்கில பேக்கரி வச்சிருக்கிறவ."

"உங்கட கையைப் பற்றி அவவுக்குத் தெரியுமோ?"

டொக்டர் துப்பாக்கிப் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

"அவவுக்காகக் கதைக்கச் சொல்லி ஆரும் என்னைக் கூப்பிடேல்லை," என்றார் கணேசலிங்கம். "எண்டாலும் இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனித் தெரியாத மாதிரி இருக்க இந்த வயசில எனக்கு ஏலாது. நீங்கள் சொல்லுறதோ, நான் சொல்லுறதோ எண்டதுதான் மிச்சம் டொக்டர். நீங்கள் சொன்னா நல்லது."

மகேந்திரராஜா மண்மேட்டுக்குப் போய் இலக்குக் காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். பிறகு துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கொட்டகைக்குள் நடந்தார். சுவரில் ஒரு டெலிபோன் இருந்தது. வலது கையால் எண்ணைச் சுழற்றப் பார்த்தார், விரல் துளையை விட்டு வழுக்கியது. வேதவல்லி ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, இடது கையால் நிதானமாகச் சுழற்றினார்.

"ஜெஃப்," என்றார் ஆங்கிலத்தில். "திங்கட்கிழமை என்னால் முடியாது. இல்லை, காய்ச்சல் இல்லை. திங்கட்கிழமை மட்டும் இல்லை, ஜெஃப்." அதற்குப் பிறகு அவர் பேசியதை அவர்கள் கேட்கவில்லை. வெளியே வந்து நின்றார்கள்.

"இவ்வளவு வருஷம் அந்தக் கைதான் சார் அவருக்கு எல்லாம்," என்றாள் வேதவல்லி.

"ஓம்."

"நீங்க இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துப் பேசினா உங்க ஊர்ல குத்தமா?"

"களைப்பா இருக்கு வேதவல்லி."

டொக்டர் கதவருகே வந்து நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது. வீட்டுக்கும் பேசிவிட்டாராம். "ராஜி அழுதவ," என்றார். "வரதன் ரயிலுக்கு வெளிக்கிட்டிட்டான்."

டொக்டரையும் ஏற்றிக்கொண்டு ஸ்பென்சர் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு அன்று வேதவல்லி ஓட்டிய வேகத்தைக் கணேசலிங்கம் கண்டிக்கவில்லை. நகரத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. சிட்னி ரயில் மேடையில் நின்றது. வரதராஜா ஒரு பெட்டி வாசலில் சூட்கேஸைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அத்தானைக் கண்டதும் இறங்கி நின்றான்.

"துவக்கை எடுத்தது நான்தான், வரதன்," என்றார் மகேந்திரராஜா. சுற்றிவளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னார், கையைக் காட்டினார். மேடையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை மறைக்கவில்லை.

வரதராஜா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "துவக்கு எங்க போச்சுதெண்டு எனக்குத் தெரியாது," என்றான். "ஆனா நான் எடுக்கேல்லை எண்டது உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும் அத்தான். அண்டைக்கு மேசையில எல்லாரும் என்னைப் பார்த்தவை. நீங்கள் மட்டும் சோத்துக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சோறு குழைச்சனீங்கள்."

கணேசலிங்கம் இதைக் கேட்கத் தவறியிருந்தார். மேசையில் யார் யாரைப் பார்த்தார்கள் என்று காலையிலேயே இவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஃபுட்ஸ்க்ரே வரை போயிருக்கவேண்டியதில்லை.

"என்னை மன்னிச்சுக்கொள், வரதன். வீட்டை வா. அக்கா பார்த்துக்கொண்டு நிக்கிறா."

"ஒப்பரேசன் எல்லாம்?"

"நிப்பாட்டியாச்சு. ஜெஃபுக்குச் சொல்லிப்போட்டன். திங்கட்கிழமை வேற ஆள் செய்யும்."

"அப்ப சரி." வரதராஜா மூச்சு விட்டான். ஒரு கணம் சிரிக்கப்போகிறவன் போல இருந்தான். "அக்காட்டைச் சொல்லுங்கோ, போய்ச் சேர்ந்ததும் கோல் எடுக்கிறன் எண்டு. நான் கோவத்தில போகேல்லை. அந்த மேசையில திரும்ப இருந்து சாப்பிட இப்ப ஏலாது. நீங்கள் மருந்தை ஒழுங்கா எடுங்கோ அத்தான். போட்டு வாறன்."

கணேசலிங்கத்துக்கும் தலையசைத்துவிட்டு அவன் ஏறிக்கொண்டான். ஜன்னலில் முகம் தெரியவில்லை. மறுபக்க இருக்கையில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

விசில் ஊதியது. ரயில் அசைந்தது. மகேந்திரராஜா அதன் பக்கமாகச் சில அடிகள் நடந்துவிட்டு நின்றார்.

"ஒரு வார்த்தை ஏசேல்லை," என்றார். "ஏசுவான் எண்டுதான் வந்தனான்."

"ஏசியிருந்தா நீங்கள் மனம் லேசா வீட்டை போயிருப்பியள்," என்றார் கணேசலிங்கம்.

கடைசிப் பெட்டி மேடையைத் தாண்டியது. வேதவல்லி கார்ச் சாவியைக் கையில் எடுத்தாள். "வாங்க டாக்டர்," என்றாள். "அவங்க வீட்ல காத்துட்டிருப்பாங்க."